இன்ஜின் ஆறும்வரை

எங்கள் இன்ஜினின் கார்பரேட்டரில் ஒரு சின்னப் பித்தளைத் திருகு உண்டு. அதைச் சுற்றி நான்கு அடையாளங்கள் இருந்தன. குங்குமத்தை எண்ணெயில் குழைத்து வைத்த பொட்டு எங்கள் வீட்டுடையது. சுண்ணாம்புக் கோடு சித்தப்பா வீட்டுடையது. எதிர்வீட்டு அத்தை தன் மகளின் நகப்பூச்சில் ஒரு புள்ளி வைத்திருந்தார். தெருக்கோடி வீட்டார் அரத்தால் கீறியிருந்தார்கள். நான்கு வீடும் சேர்ந்து வாங்கிய இன்ஜின் அது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது. வாய்க்காலில் தண்ணீர் தாழ்ந்து போனால் வயலுக்கு ஏற்றித் தர அதை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை.

இன்ஜின் எந்த வீட்டு வயலுக்குப் போகிறதோ, அந்த வீட்டு அடையாளத்துக்குத் திருகைத் திருப்பிக்கொள்வார்கள். காற்றோடு எவ்வளவு மண்ணெண்ணெய் சேர வேண்டும் என்பதை அந்தத் திருகுதான் தீர்மானிக்கும். உள்ளே திருப்பினால் எண்ணெய் குறையும். வெளியே திருப்பினால் கூடும். ஒவ்வொரு வீட்டு மண்ணெண்ணெய்க்கும் ஒரு குணம் உண்டு என்று எல்லோரும் நம்பினார்கள். எல்லா வீட்டு மண்ணெண்ணெயும் ஒரே ரேஷன் கடையில், ஒரே பீப்பாயிலிருந்து வந்ததுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு வீட்டின் முறை முடிந்து இன்ஜின் அடுத்த வீட்டுக்குப் போகும்போது, வாங்குகிறவர் முன்னால் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். வாங்குகிறவர் குனிந்து காது கொடுத்துக் கேட்பார். ஏதாவது சத்தம் வந்தால் ரிப்பேர் செலவு இன்ஜினைக் கொடுக்கிறவர் தலையில். சத்தம் இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போகலாம். இந்த வழக்கத்தால் நான்கு வீட்டுக்கும் நடுவே சண்டை வந்ததில்லை. அதனால் வந்த வினை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பா இறந்த வருஷம் அது. நான் தஞ்சாவூரில் பாலிடெக்னிக் கடைசித் தேர்வு எழுதிவிட்டு, முடிவுக்குக் காத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். மெக்கானிக்கல் பிரிவு. வகுப்பில் பெண்கள் மிகக் குறைவு. பூதலூர் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போய் வந்து படித்த படிப்பு.

எங்கள் நிலம் குத்தகை நிலம். அப்பாவின் அப்பா அதே வயலில் பண்ணையாளாக இருந்தவர். கூலிக்காகக் கொடி பிடித்து, அடி வாங்கி, பிறகு சட்டம் வந்து, அப்பா பெயரில் குத்தகைப் பதிவு ஆனது. நிலத்துக்காரர் குடும்பம் தஞ்சாவூருக்குக் குடிபோய்விட்டது. அவர்கள் சார்பில் ஒரு காரியக்காரர் மொபெட்டில் வந்து போவார். ஆட்சி மாறும், தெருமுனைக் கொடிக்கம்பத்தில் எந்தக் கட்சிக் கொடி உயரத்தில் பறக்கிறது என்பது மாறும், காரியக்காரர் மட்டும் மாறவில்லை.

அப்பாவின் காரியம் முடிந்த சில நாட்களிலேயே அவர் வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"ஆம்பள இல்லாத வீடு. நீங்க எங்கம்மா விவசாயம் பார்க்கப் போறீங்க? நல்லபடியா ஒப்படைச்சுடுங்க. கேஸு கீஸுன்னு அலைய வேண்டாம்."

"அவரு இருக்கையில நான் என்ன வரப்புலயா உக்காந்திருந்தேன்?" என்றார் அம்மா. "நாத்துப் பறிச்சது யாரு, நட்டது யாரு, களை எடுத்தது யாருங்க?"

"அதெல்லாம் கூலியாளும் செய்யும்மா. சாகுபடி பண்றவங்க யாருன்னு கணக்குல வரணும்ல?"

விஷயம் இதுதான். கணவர் போன பிறகு மனைவி தானே உழுது பயிர் செய்தால் குத்தகை உரிமை அவருக்குத் தொடரும். அந்தப் பசலி ஆண்டில் வயல் தரிசாகக் கிடந்து, வி.ஏ.ஓ. வந்து பார்த்து அடங்கல் பதிவேட்டில் தரிசு என்று எழுதிவிட்டால், பயிர் செய்யவில்லை என்பதற்கு அவர்களுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும். காரியக்காரர் காத்திருந்தது அதற்குத்தான். சண்டை போடவோ ஆள் விடவோ அவருக்குத் தேவையே இல்லை. ஒரு பருவம் பொய்த்தால் போதும்.

அந்த வருஷம் பருவமும் அவர் பக்கம் நின்றது. மேட்டூர் தாமதமாகத் திறந்தது. வந்த தண்ணீரையும் முறை வைத்து விட்டார்கள். எங்கள் கிளை வாய்க்காலுக்கு வாரத்தில் ஒரு பகல். பொழுது சாய்ந்தால் தலைமதகை அடைத்துவிடுவார்கள். அம்மா கடன்படாமல் வீட்டில் இருந்த விதைநெல்லையே முளைகட்டி நாற்றங்காலில் விதைத்திருந்தார். முளை பச்சை காட்டியிருந்தது. அதற்குக் கீழே மண் வெடிக்க ஆரம்பித்திருந்தது. இன்னொரு வாரம் தாங்காது. மறுபடி விதைக்க வீட்டில் நெல்லும் இல்லை.

முறை நாளன்று காலையில் சித்தப்பா வீட்டிலிருந்து இன்ஜினை வாங்கி வந்தோம். ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லை. அம்மா தலையசைத்தார். சித்தப்பாவே தூக்கிக்கொண்டு வந்து வாய்க்கால் கரையில் வைத்து, கயிற்றைச் சுற்றி இழுத்தார். ஒரே இழுப்பில் கிளம்பியது. ஓஸ் குழாயில் தண்ணீர் வந்தது. மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. பிறகு இருமியது. தண்ணீர் நூலாகியது. நின்றது.

சித்தப்பா திருகைக் குங்குமப் பொட்டுக்குத் திருப்பினார். கிளம்பி, இருமி, நின்றது. சுண்ணாம்புக் கோட்டுக்குத் திருப்பினார். கறுப்புப் புகை வந்தது. நின்றது.

"உங்க வீட்டு மண்ணெண்ணெயில தண்ணி கலந்திருக்கு அண்ணி."

"உங்க வீட்டு டின்னுலேந்துதானே தம்பி ஊத்துனீங்க."

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அத்தை வந்தார். அவருடைய நாற்றங்கால் எங்களுடையதற்கு அடுத்தது. அன்றைக்கு எங்களுக்குப் பிறகு இன்ஜின் அவருக்குத்தான் போக வேண்டும். அவர் குனிந்து நகப்பூச்சுப் புள்ளிக்குத் திருப்பிப் பார்த்தார். இந்த முறை கிளம்பவே இல்லை.

நான் அதுவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு யோசிக்க வராது. மனதுக்குள் எழுதிக்கொண்டேன். ஒன்று, ஆறியிருக்கும்போது ஒரே இழுப்பில் கிளம்புகிறது. இரண்டு, சூடு ஏறினால்தான் தடுமாறுகிறது. மூன்று, காற்று வடிகட்டி உள்பக்கம் மண்ணெண்ணெயில் நனைந்திருக்கிறது. உள்ளே போக வேண்டியது திரும்பி வருகிறது. நான்கு, நின்ற பிறகு கயிற்றை இழுத்துப் பார்த்தேன், கைக்குக் கனமே தெரியவில்லை. ஐந்தாவதுதான் என்னை உறுத்தியது. இவ்வளவு காலம் ஓடிய இன்ஜினில் வழக்கமாக வர வேண்டிய டிக் டிக் சத்தம் எங்கே?

இன்ஜினின் தலையில் இரண்டு வால்வுகள் இருக்கும். ஒன்று காற்றும் எண்ணெயும் கலந்ததை உள்ளே விடும். மற்றது எரிந்த புகையை வெளியே விடும். நடுவில் இரண்டும் இறுக மூடியிருக்க வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் அந்தக் கலவையை நசுக்க முடியும். வால்வின் காம்புக்கும் அதை அழுத்தும் இரும்புக் கைக்கும் இடையே மெல்லிய இடைவெளி ஒன்று விட்டிருப்பார்கள். சூட்டில் காம்பு நீளும். அது நீள்வதற்கான இடம் அது. இடைவெளி அதிகமானால் வால்வு தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், இன்ஜினுக்கு மூச்சு குறையும். இடைவெளியே இல்லையென்றால் இன்னும் மோசம். சூடானதும் வால்வு முழுதாக மூடாது. நசுக்கப்பட வேண்டிய கலவை வந்த வழியே கார்பரேட்டருக்குத் திரும்பும். ஏற்கெனவே எண்ணெய் ஏந்திய காற்று அங்கே மறுபடியும் எண்ணெய் ஏந்தி உள்ளே வரும். அதன் பிறகு திருகை எங்கே வைத்தாலும் அளவு நிற்காது. அந்த டிக் டிக் என்பது இடைவெளி இருக்கிறது என்பதன் சத்தம். டேப்பட் என்ற திருகை முறுக்கினால் இடைவெளி குறையும், சத்தமும் அடங்கும்.

"சித்தப்பா, மேல் மூடியத் திறந்து டேப்பட்டை யாராவது முறுக்கினீங்களா?"

அவர் வாய்க்காலைப் பார்த்தார். "சத்தம் வந்துச்சும்மா. நாளைக்கு உங்க அம்மா காது கொடுத்துக் கேப்பாங்கன்னு லேசா, ரொம்ப லேசா முறுக்கினேன்."

"இன்னிக்கு சரிபண்ணலாம். ஆனா இன்ஜின் முழுசா ஆறணும். சூட்டுல அளந்தா அளவு தப்பாப் போயிடும்."

"ஆறணுமா?" சித்தப்பா மடைப் பக்கம் கை காட்டினார். "தண்ணி இருக்கிறதே பொழுது சாயுற வரைக்கும். நீ இதை ஆற வச்சிக்கிட்டு உக்காந்திருப்பியா? ரெண்டு இழுப்பு இழுத்து, ஓடுற வரைக்கும் ஓட்டலாம்."

அவர் சொன்னதும் நியாயம்தான். விட்டு விட்டு ஓடினாலும் கொஞ்சம் தண்ணீர் ஏறும். ஆனால் மூடாத வால்வைச் சுற்றி நெருப்பு கசிந்தால் அதன் விளிம்பு எரிந்துவிடும். எரிந்தால் தஞ்சாவூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அடுத்த முறைக்கும் இன்ஜின் இருக்காது. ஏற்கெனவே எரிந்திருக்குமோ என்ற பயமும் எனக்கு இருந்தது. இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். எரிந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அம்மா நாற்றங்காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆறினா ஓடுமா?"

"எரியலைன்னா ஓடும்மா."

"நிறுத்துங்க தம்பி," என்றார் அம்மா சித்தப்பாவிடம். கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லுக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன். படித்துவிட்டு வந்த பெண் சொல்கிறாள் என்பதால் அவர் அப்படிச் செய்யவில்லை. தெரியாததைத் தெரியாது என்று நான் சொன்னதால்தான் அப்படிச் செய்ததாகப் பின்னால் ஒருமுறை சொன்னார்.

அதே நேரத்தில் காரியக்காரரின் மொபெட் வண்டிப்பாதையில் வந்து நின்றது. இன்ஜின் ஓடாததை அவர் தூரத்திலிருந்தே கேட்டிருப்பார்.

"என்னம்மா, இன்ஜினும் சாகுபடி பண்ண மாட்டேங்குதா?"

"அது மூச்சு வாங்குதுங்க," என்றார் அம்மா. "நீங்க போயிட்டு வாங்க."

அவர் வெடித்த மண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அத்தை சொன்னார்: "நம்ம இன்ஜின் மேல அவருக்கு எவ்வளவு அக்கறை பாரேன். பொண்ணு குடுப்பாரு போலருக்கு."

சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனவர் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகத் திரும்பி வந்தார். பின்னால் சித்தி வந்தார், தெருக்கோடி வீட்டுப் பெண்கள் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. வாய்க்காலில் இறங்கி மொண்டு, கரையேறி, வரப்பில் நடந்து, நாற்றின் தலையில் கொட்டாமல் பாத்தி ஓரமாகச் சாய்த்து ஊற்றினார்கள். அத்தையின் சொந்த நாற்றங்கால் பக்கத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பாத்திக்கு ஊற்ற அவர் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு நடைக்கும் தாண்டிப் போனார்.

"அத்தை, உங்களுதுக்கும் கொஞ்சம் ஊத்திக்குங்க."

"என் வயலை எவன் புடுங்கப் போறான்? உங்களுதுதான் இன்னிக்குக் கேள்வியில நிக்குது. நீ போயி உன் இன்ஜினுக்கு விசிறு போ."

நான் உண்மையிலேயே விசிறினேன். ஈரச் சாக்கைப் போடலாம் என்றார் சித்தப்பா. சூடான வார்ப்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று சொல்லித் தடுத்தேன். பூவரச மர நிழலுக்கு அதை நகர்த்தி வைத்தோம். குடம் சுமந்தபடியே அவர்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"டேப்பட்டுன்னா அந்த மேல் மூடிக்குள்ள இருக்கிற திருகா?" என்று அத்தை கேட்டார்.

"ஆமாம் அத்தை."

"ஐயோ, அதை எங்க வூட்டுக்காரரும் போன பட்டத்துல முறுக்கினாருடி. சத்தம் வருது, உங்க சித்தப்பன் வாங்க மாட்டான்னு."

தெருக்கோடி வீட்டுப் பெண் வரப்பிலேயே நின்றுவிட்டாள். "எங்க வீட்டுலயும் முறுக்கினாங்க."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா குடத்தைச் சாய்த்து ஊற்றி முடித்துவிட்டு, "அவரும் முறுக்கினாரு. நான்தான் ஸ்பேனர் எடுத்துக் குடுத்தேன்," என்றார். அப்பா போனதற்குப் பிறகு அம்மா சிரித்து நான் முதலில் பார்த்தது அந்த வரப்பில்தான். நான்கு வீட்டிலும் கொடுக்கிறவர் சத்தத்தை அடக்கிக் கொடுக்க, வாங்குகிறவர் சத்தமில்லை என்று நம்பி வாங்க, ஒவ்வொரு கைமாறுதலிலும் இன்ஜினின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறுகியிருக்கிறது.

உச்சி வெயில் தாண்டிய பிறகு இன்ஜின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மர நிழலில் கிடந்த மண்வெட்டியைத் தொட்டது போலத்தான் இருந்தது. மேல் மூடியைக் கழற்றினேன். இப்போது அளக்க வேண்டும். இடைவெளி அளக்கும் தகடு என்னிடம் இல்லை. அது பாலிடெக்னிக் பட்டறையில் பூட்டிய அலமாரியில் இருந்தது.

ஆனால் முதல் வருஷ ஆய்வகத்தில் எங்களுக்கு ஸ்க்ரூ கேஜ் கொடுத்து, சவர பிளேடின் கனத்தை அளக்கச் சொன்னார்கள். எதற்கு இந்த வேலை என்று அன்று முணுமுணுத்தோம். அந்த அளவு எனக்கு நினைவிருந்தது. உள்ளே விடும் வால்வுக்கு வேண்டிய இடைவெளி கிட்டத்தட்ட ஒரு பிளேடு. புகை விடும் வால்வு கூடுதலாகச் சூடேறும், அதற்கு இரண்டு.

"சித்தப்பா, புது பிளேடு ரெண்டு வேணும்."

"ஏம்மா, இன்ஜினுக்கு தாடியா?" என்றவர் வீட்டுக்கு ஓடிப் பொட்டலத்தோடு வந்தார். "இனிமே என் மூஞ்சிக்கு வழியில்லை. கேட்டா உன் பேரைச் சொல்றேன்."

சக்கரத்தைக் கையால் சுற்றி, பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடியிருக்கும் இடத்தில் நிறுத்தினேன். காம்புக்கும் இரும்புக் கைக்கும் நடுவே பிளேடை நுழைக்கப் பார்த்தேன். நுழையவில்லை. இரண்டிலும் நுழையவில்லை. டேப்பட் திருகைப் பூட்டியிருந்த லாக் நட்டைத் தளர்த்தி, திருகைக் கொஞ்சம் வெளியே விட்டேன். பிளேடு லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். தொளதொளவென்று வந்தால் அதிகம், இழுக்க வேண்டியிருந்தால் குறைவு. லாக் நட்டை முறுக்கும்போது திருகும் கூடவே நகர்ந்துவிடும் என்பதால் மறுபடி அளந்தேன். மூடியைப் போடுவதற்கு முன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஓரிடத்தில் சக்கரம் முரண்டு பிடித்தது. கைக்குக் கனம் தெரிந்தது. வால்வு எரியவில்லை. அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

மூடியைப் போட்டுக் கரைக்குக் கொண்டுபோனதும் சித்தப்பா இழுத்தார். கிளம்பியது. கூடவே டிக் டிக் டிக் என்று சத்தமும் வந்தது.

"சத்தம் வருதே!" என்றார் பழக்கத்தில்.

"வரட்டும் சித்தப்பா."

சூடேறி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, தண்ணீர் தூக்கும் பாரமும் ஏறிய பிறகுதான் கார்பரேட்டர் திருகில் கை வைத்தேன். வால்வைச் சரிசெய்யாமல் இதைத் தொடுவதில் பயனில்லை. வால்வு சரியான பிறகு இதைத் தொடாமல் விடவும் கூடாது. உள்ளே திருப்பிக்கொண்டே போனேன், தடுமாறியது. வெளியே திருப்பினேன், புகைந்தது. இரண்டுக்கும் நடுவே சத்தம் தெளிந்து தண்ணீர் தடித்து விழும் இடத்தில் விட்டேன். குங்குமம், சுண்ணாம்பு, நகப்பூச்சு, கீறல் எதன் மேலும் அது நிற்கவில்லை.

மதகை அடைப்பதற்குள் எங்கள் நாற்றங்காலில் தண்ணீர் நின்றது. குடத்தால் ஊற்றி ஈரமாக்கிய மண் தண்ணீரை உடனே தேக்கிக்கொண்டது. வறண்டு கிடந்திருந்தால் பாதி தண்ணீர் வெடிப்புக்குள்ளேயே போயிருக்கும். மிச்சமிருந்த பொழுதில் ஓஸை அத்தையின் நாற்றங்காலுக்குத் திருப்பினோம். அதற்கு முழுதாகப் போதவில்லை. மறுநாள் காலை நாங்கள் எல்லோரும் அதே குடங்களோடு, வாய்க்காலில் தேங்கிய குட்டைத் தண்ணீரை மொண்டு அத்தையின் பாத்திக்கு ஊற்றினோம். அத்தை வரப்பில் உட்கார்ந்து வேலை வாங்கினார். "ஊத்துடி மருமவளே, படிச்ச கை வலிக்குதா?"

நாற்று பிழைத்தது. நட்டோம். பயிர் பார்க்க வி.ஏ.ஓ. வந்தபோது காரியக்காரரும் கூட வந்திருந்தார். வயல் முழுக்கப் பச்சை. அம்மா முழங்கால் சேற்றோடு களைக்கொத்துடன் நின்றார்.

"யாரும்மா சாகுபடி?" என்று வி.ஏ.ஓ. கேட்டார்.

"நான்தாங்க."

காரியக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வி.ஏ.ஓ. அம்மாவின் காலைப் பார்த்தார், பயிரைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். அந்த வருஷம் எங்கள் வயல் தரிசு என்று எழுதப்படவில்லை. இன்று அந்தக் குத்தகை அம்மா பெயரில் இருக்கிறது.

எனக்கு இப்போது இன்ஜின்களைச் சோதித்து அனுப்பும் இடத்தில் வேலை. நல்ல கருவிகள் இருக்கின்றன, பிளேடு தேவைப்படுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு இன்ஜினும் ஆறுவதற்காகக் காத்திருக்கும் நேரத்தில், யாரோ ஈரக் காலோடு வரப்பில் நடப்பது போல ஒரு நினைப்பு வரும். எனக்குக் கிடைத்தவற்றை வரிசைப்படுத்தினால் முதலில் அந்தக் குடங்கள் வரும். படிப்பு அதற்குப் பிறகுதான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் வீட்டிலிருந்து அத்தை வீட்டுக்கு இன்ஜின் கைமாறிய நாளாக அமைந்தது. சித்தப்பா கயிற்றை இழுத்தார். அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து காது கொடுத்தார். எல்லோரும் சுற்றி நின்றோம்.

"வருது, வருது," என்றார் நிமிர்ந்து. "டிக் டிக்னு வருது. குடுங்க, எடுத்துக்கிட்டுப் போறேன்."